அரக்கோணத்துக்காரியின் பெட்டி

எனக்கென்று ஒரு பெட்டி வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்று தோன்றியது, சாயங்காலத் திருத்தணி வண்டி ஆவடியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது. எதிர் சீட்டில் புதிதாக ஒரு பெண். மடியில் நீலப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வைத்து அதன் இரண்டு கிளிப்பையும் விரலால் தட்டினாள். மூடி பின்னால் சாய்ந்து அப்படியே நின்றது. உள்ளே குட்டிக் குட்டி அறைகள். ஒன்றில் முத்து, ஒன்றில் தங்க மணி, ஒன்றில் கொக்கி, ஓரத்தில் நிறவரிசைப்படி நூல்கண்டுகள். நானோ அந்த நேரம் கைப்பைக்குள் கையை முழங்கை வரை விட்டுக் கத்தரிக்கோலைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு எனக்கு. போக வர ரயிலில் கிடைக்கும் நேரத்தில் புடவைக்குக் குச்சு கட்டுவேன். முந்தானை ஓரத்தில் பட்டு நூலை முடிந்து, மணி கோத்து, வரிசையாகத் தொங்கவிடும் வேலை. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கள் லேடீஸ் கம்பார்ட்மென்டில் குச்சு என்றால் நான்தான். அதாவது, அந்த நீலப் பெட்டி வருகிற வரைக்கும்.

அவள் அரக்கோணம். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ சின்னவள். அவளுடைய அத்தா அங்கே பைக் மெக்கானிக். நட்டும் போல்ட்டும் போட்டு வைக்கிற பெட்டியைத்தான் மகளுக்குக் கொடுத்திருந்தார். மணி வேலைக்கு நட்டுப் பெட்டி என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வியோடு அன்றைக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

மறுநாளிலிருந்து பெட்டி தேட ஆரம்பித்தேன். முதலில் பள்ளிக்கூடத்து ஜாமெட்ரி பாக்ஸ். கத்தரிக்கோல் அதற்குள் படுக்கவே மாட்டேன் என்றது. அடுத்து வளையல் பெட்டி. நடுவில் இருக்கிற தண்டு எதை எடுக்கப் போனாலும் கையை இடித்தது. பிறகு ஒரு ஸ்வீட் டப்பா. மூடி இறுக்கம், திருவள்ளூர் பக்கம் வெடுக்கென்று திறந்ததில் பக்கத்தில் இருந்தவரின் தயிர்சாதத்தில் முத்து மழை. "ஏம்மா, மாதுளம்பழம் போட்டுக் கேட்டேனா நான் உன்கிட்ட?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அரக்கோணத்துக்காரியும் சிரித்தாள். அவள் சிரித்தது மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

கடைசியில் அம்மாவின் அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொண்டேன். சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, கிண்ணத்துக்கு ஒரு மணி என்று நிரப்பியபோது அழகாகத்தான் இருந்தது.

"மஞ்சளயும் சீரகத்தயும் எதுலடி கொட்டறது? உன் தலையிலயா?" என்றாள் அம்மா.

"ஒரு வாரம்மா. வேற வாங்கித் தரேன்."

"ரயில்ல போய் ரசம் வைக்கப் போறா. நைனாகிட்ட சொல்றேன் இரு."

இவ்வளவு அவசரப்பட்டதற்குக் காரணம் பேங்க் அக்கா. திருவள்ளூரில் வேலை முடிந்து ஏறுகிறவர், வீடு எங்கள் திருத்தணியில்தான். அவருடைய தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையிலிருந்து மறுவீட்டுப் புடவை வரை எல்லாவற்றுக்கும் குச்சு கட்டக் கொடுக்கப் போகிறார். எனக்கு அது முழுசாக வேண்டும். மாதிரிக்கு ஒரு புடவையை என்னிடம் கொடுத்திருந்தார், இன்னொன்றை அவளிடம். இரண்டையும் பார்த்துவிட்டு யாருக்கென்று சொல்வதாகப் பேச்சு.

அன்று கடம்பத்தூர் தாண்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அஞ்சறைப்பெட்டி என் மடியிலிருந்து எகிறிக் கீழே போய்க் குப்புற விழுந்தது. மணிகள் கம்பார்ட்மென்ட் பூராவும் ஓடின. யாரோ பதறி எழுந்ததில் மூடி காலடியில் மாட்டி வளைந்துபோனது. மணி போனால் போகட்டும். ஊசிகள்?

"ஏய், யாரும் காலை வைக்காதீங்க! கொழந்த கீழ உக்காந்துகினு இருக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லாரும் காலைத் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள். நான் செல்போன் வெளிச்சத்தில் தரையைத் தடவினேன். அரக்கோணத்துக்காரி தன் பெட்டியைத் திறந்து ஒரு அறையிலிருந்து வட்டக் காந்தம் ஒன்றை எடுத்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியதாம். குனிந்து, பெருக்குவதுபோல ஒரு தடவை இழுத்தாள். என் ஊசிகள் அத்தனையும் துள்ளிப் போய் அவளிடம் ஒட்டிக்கொண்டன. என் ஊசிகள்! அவற்றுக்குக்கூட அவளைத்தான் பிடித்திருந்தது.

"இந்தாங்கக்கா" என்று காந்தத்தை நீட்டினாள்.

நான் கையை நீட்டுவதற்குள் பேங்க் அக்கா கத்தினார். "ஐயோ வேணாம்! வெளக்கு வச்ச நேரம். ஊசிய கையில குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. கல்யாணப் பொடவ வேற மடியில கீது."

அவள் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். வண்டி அரக்கோணத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. என் பெட்டிக்கு இனி மூடி இல்லை. ஊசிகளை அப்படியே பையில் போட்டால் பட்டுப் புடவை என்ன ஆவது? அவள் காந்தத்தை ஊசிகளோடு தன் பெட்டிக்குள் வைத்து, கிளிப் இரண்டையும் அழுத்தி, பெட்டியை என் பக்கத்தில் சீட்டில் வைத்தாள்.

"சீட்டு மேல வச்சுட்டேன். நான் குடுக்கல, அவங்க வாங்கல. காலையில வந்து எடுத்துக்கறேன். சரியாக்கா?"

கம்பார்ட்மென்ட்டே சிரித்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

"பொண்ணு சமத்து" என்றார் பேங்க் அக்கா. பிறகு என் மடியிலிருந்த மாதிரிப் புடவையைத் தூக்கி லைட்டுக்கு நேராகப் பிடித்தார். "உன் முடிச்சு நல்லாதான் கீது. ஆனா இங்க பாரு." சந்தன நிற நூலில் ஒரு விரற்கடை அளவுக்கு மஞ்சள். கழுவியும் போகாத அம்மாவின் மஞ்சள். "இதே முகூர்த்தப் பொடவயில பட்டிருந்தா?"

"வேற பெட்டி வாங்கிடறேங்க்கா."

"எதுல வச்சு எடுத்துகினு வரேன்னு காட்டு, அப்புறம் பேசலாம். திங்கக்கெழம பொடவைங்க எடுத்துகினு வருவேன்."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய கையோடு அவள் பெட்டியை மடியில் வைத்துத் திறந்தேன். எதுவும் சரியாக வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்தால் பிடி அந்தப் பக்கம். நூலை இழுத்தால் பெட்டிக்குக் குறுக்கே வந்து மணியைக் கிளறியது. ஊசி அறைக்குப் போக மூடியைச் சுற்றிக் கையை வளைக்க வேண்டியிருந்தது. இத்தனை நாள் நான் பொறாமைப்பட்ட பெட்டி, என் மடியில் உட்கார்ந்து என்னோடு மல்லுக்கட்டியது. திருப்பி வைத்துப் பார்த்தேன். அப்புறம் இடது கையால் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது.

இடது கைக்காரி! வாரக்கணக்காக அவள் எதிரில் உட்கார்ந்து அறை அறையாக மனப்பாடம் செய்திருக்கிறேன். கையைப் பார்க்கவில்லை.

காலையில் பெட்டியை அவள் கையிலேயே கொடுத்தேன். காலை நேரத்துக்குத் தடை ஒன்றும் இல்லை.

"தொறந்து பாத்தீங்களாக்கா?"

"ஆங், என் ஊசிய எடுக்கணுமில்ல?"

"எங்க அத்தா மொதல்ல எல்லாத்தயும் ரைட்டு கைக்கு வச்சுக் குடுத்துட்டாரு. ரெண்டு நாள் பேசல நான் அவருகிட்ட. உங்களுக்கும் ஒண்ணு செய்யச் சொல்லவா?"

"வேணாம்" என்றேன், அவள் கேட்டு முடிப்பதற்குள். அவளுடைய அத்தா செய்து கொடுத்த பெட்டியோடு அவள் எதிரில் உட்கார்ந்து நான் குச்சு கட்டுவதா? பேங்க் அக்கா அதைப் பார்த்து, "இதுவும் அந்தப் பொண்ணோட ஐடியாவா?" என்று கேட்பதா?

ஆனால் அன்று முழுக்க கணக்குத் தாளைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தேன். எதை எடுக்கப் போகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று. ராத்திரி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் என்னைத் தாண்டிப் போனார். பஸ் வளைவில் சாய்ந்தது, அவரும் சாய்ந்தார், தோளில் தொங்கிய தோல் பையும் சாய்ந்தது. ஒரு சில்லறை சிந்தவில்லை. பார்க்காமலே கையை விட்டு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து நீட்டினார். ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே வேலை செய்கிறவருடைய பை அது. நான் மட்டும் ஏன் ஆடாத வீட்டுக்குச் செய்த டப்பாக்களையே ரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தேன்?

வீட்டில் என் பழைய காலேஜ் பை இருக்கிறது, கனமான ரெக்ஸின். திங்கட்கிழமை பேங்க் அக்காவிடம் காட்டியாக வேண்டும், அதனால் சனிக்கிழமையே அதை வெட்டப் போகிறேன். வலது இடுப்பில் நிற்கிற மாதிரி வார், உள்ளே மூன்று அறை, மேலே மடிந்து விழும் மூடி, அதன் விளிம்புக்குள் வைத்துத் தைத்த காந்தம். காந்தம் அவளைப் பார்த்துத்தான். அதை மட்டும் விட முடியவில்லை. முதல் நாளே மணியை நம்பிப் போட மாட்டேன். அறை நிறையக் கடுகைக் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை, குலுக்கி எடுக்கிற பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே போய்த் திரும்புவேன். ஒரு கடுகு சிந்தினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்க வேண்டியதுதான்.