நான் படித்துக் காட்டிய ஒப்பந்தம்

போன செவ்வாய்க்கிழமை காலி டப்பாவோடு போனேன். காலி டப்பாவோடேயே திரும்பி வந்தேன்.

வீட்டில் என் மனைவிக்குச் சோப்பு ஒத்துக்கொள்ளாமல் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. "எஸ்தரம்மாகிட்ட களிம்பு வாங்கிக்கினு வாங்க" என்றாள். எஸ்தரம்மா எங்கள் காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை செய்கிறவர். சாயமும் சோடாவும் தின்ற கைகளுக்கு அவர் காய்ச்சும் பச்சைக் களிம்புதான் மருந்து. யாரிடமும் காசு வாங்க மாட்டார்.

"குடுக்கக் கூடாது சார். நீங்கதானே படிச்சி காட்னீங்க" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும்... டப்பாவை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் இதே பத்தியில் நான் பீற்றிக்கொண்டது சிலருக்கு நினைவிருக்கலாம். மதராஸ் மருந்துக் கம்பெனி ஒன்று களிம்பின் செய்முறையைக் கேட்டு வந்தது. இங்கிலீஷில் நாலு பக்க ஒப்பந்தம். எஸ்தரம்மா அதை என்னிடம் கொண்டுவந்தார். வக்கீலிடம் போங்கள் என்று சொன்னேனா? புத்தகம் எழுதி ராயல்டி வாங்குகிறவன் ஆயிற்றே — எனக்குத் தெரியாத ராயல்டியா?

கையெழுத்துப் போட்டதும் நூறு ரூபாய். சோதனை முடிந்து சர்க்கார் லைசென்ஸ் கிடைத்தால் ஐந்நூறு. கடைக்கு வந்தபின் விற்கிற ஒவ்வொரு டப்பாவுக்கும் நூற்றுக்கு மூன்று ராயல்டி. களிம்பை வேறு யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. கட்டம் கட்டமாக, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

எத்தனை நாளைக்குள் என்றுதான் எங்கும் இல்லை. அதைக் கவனித்தேன், கவனித்தும் விட்டுவிட்டேன். தறிக்கார ஊரில் வளர்ந்த புத்தி! இங்கே முதலாளி கொடுத்த பாவு நூலைத் தறியில் ஏற்றினால், சேலையை நெய்து அறுக்கும்வரை அந்தத் தறியில் வேறு வேலை கிடையாது. கெடு எழுதுகிற வழக்கமும் கிடையாது. தறி நின்றால் இரண்டு பேருக்கும் நஷ்டம், யார் நிறுத்துவார்கள்? கம்பெனியும் அப்படித்தான் என்று நினைத்தேன். "பணம் போட்டவங்க சும்மா வெச்சிக்கினு இருப்பாங்களாமா?" என்று தைரியம் வேறு சொன்னேன்.

சும்மாதான் வைத்திருக்கிறார்கள். எஸ்தரம்மாவின் மகன் மதராஸ் போய் விசாரித்தானாம். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு களிம்பு நன்றாக விற்கிறது. அதற்குப் போட்டி வராமல் நூறு ரூபாயில் கதவைச் சாத்திவிட்டார்கள். சோதனையே தொடங்காவிட்டால் லைசென்ஸ் ஏது, ராயல்டி ஏது? ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றும் சொல்ல முடியாது.

எஸ்தரம்மாவும் மீறவில்லை. கேட்டு வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"துட்டுக்கு ஆசப்பட்டுட்டேன்னு பேசிக்கிறாங்க சார். அதுக்காவ, போட்ட கையெழுத்த மாத்த முடியுமா?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் கிளம்பும்போது தயங்கித் தயங்கி முந்தானைக்குள்ளிருந்து கைகளை வெளியே எடுத்தார். விரலெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. மூன்று வருடமாக அந்தக் கைகளோடுதான் சாயத் தொட்டியில் வேலை.

"எனக்கு மட்டும் கொஞ்சம் காய்ச்சி பூசிக்கலாமா சார்? அதுல எடம் இருக்குதா?"

தாராளமாகப் பூசிக்கொள்ளுங்கள் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும் — நான் ஒப்பந்தத்தை வாங்கி, நாலு பக்கமும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினேன்.