கங்காணி வீட்டுக்குப் போன கஞ்சி

செல்லாயி அக்காவைப் போல ஒரு பொல்லாத வாய்க்காரியை நான் கண்டதில்லை. திருச்சி ஜில்லாவிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவள். வந்த வருஷமே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்தாள். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். ஞாயிறு தவறாமல் எங்கள் ஜெபக்கூடத்துக்கு வருவாள், கர்த்தரோடு சண்டை போடத்தான்.

சண்டைக்குக் காரணம் இருந்தது. 1925இல் அவள் மகள் எஸ்தருக்குக் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக ஒரு நாள் லீவு கேட்டாள். "பெரட்டுக்கு வந்து பேர் குடுக்காம எங்கடி போற?" என்று கங்காணி உடையப்பன் பிரம்பை ஓங்கி அவளை வேலைக்காட்டுக்கு விரட்டினான். மத்தியானம் திரும்பி வந்தபோது பிள்ளை கண்ணை மூடியிருந்தது. நாங்கள் எல்லாரும் அழுது ஜெபித்த பிள்ளை அது.

மறுவருஷம் ஒரு ஞாயிறு காலை, அதே உடையப்பன் ஜெபக்கூட வாசலில் வந்து நின்றான். எங்களை 'வேதக்காரப் பயலுக' என்று ஏசுகிறவன், அன்று தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"உபதேசியாரே, எம் மவ ராக்காயிக்கும் அதே காய்ச்சல். தோட்டத்துல மருந்து குடுக்குற டிரெஸ்ஸரு கைய விரிச்சிட்டாரு. ஒங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

தன் வினை தன்னைச் சுடும் என்று நான் மனசுக்குள் கறுவினேன். உபதேசியார் நவமணி ஒன்றும் கேட்காமல் முழங்காலிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் முழங்காலிட்டோம். செல்லாயி மட்டும் நின்றாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒவ்வொருத்தியும் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைப்பாள். யாருக்காக ஜெபித்தோமோ, அந்த வீட்டுக்கு அந்த அரிசி கஞ்சியாகப் போகும். முறை வைத்துக் காய்ச்சுவோம். அந்த வாரம் செல்லாயி முறை.

"நான் காய்ச்சிக் கொண்டு போறேன்க்கா, நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

"எம் முறைக்குக் குறுக்க வர நீ யாருடி?" என்று சீறினாள். ஐயோ, கஞ்சியில் என்னத்தைப் போடுவாளோ என்று பயந்து கூடவே ஓடினேன்.

அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். "எம் புள்ளைக்காகக் கூப்புட்டப்போ ஒமக்குக் காது கேக்கல. இந்தச் சண்டாளன் கூப்புட்டா மட்டும் கேக்கணுமா, ஆண்டவரே?" உபதேசியாரும் வாசலில் நின்று கேட்டார்.

கங்காணி வீட்டில் ராக்காயி எதையும் விழுங்காமல் கிடந்தாள். செல்லாயி அவளைத் தூக்கி மடியில் போட்டுக் கரண்டியால் ஊற்றினாள். கஞ்சி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினாள். "குடி கழுத, குடி" என்று அதட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையின் தொண்டை அசைந்தது. உடம்பு வேர்த்து, சூடு இறங்கியது.

உடையப்பன் தடாலென்று அவள் காலில் விழுந்தான்.

"எங் கால்ல விழாத. ஒம் மேல எனக்கு எரக்கமே வரல. ஆண்டவருக்கு வந்துருச்சு. நான் என்ன செய்ய?"

வாசலைத் தாண்டியதும் "எஸ்தரு, எஸ்தரு" என்று மாரில் அடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே ராக்காயி இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டாள்.