ஓவியருக்கு நான் பாடிய மாதங்கள்

கணவருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்ததும் கும்பகோணத்திலிருந்து வந்து மத்திகிரியில் குடியேறினோம். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் மாடியில் இருந்தார். பெங்களூரில் கண்காட்சி வைக்கும் ஓவியர். அவர் வரைந்ததெல்லாம் சங்கீதம்தான். தந்தி இல்லாத வீணை, ஆளில்லாமல் தவில் அடிக்கும் இரண்டு கைகள் என்று சுவர் முழுக்க மாட்டியிருந்தார்.

ஒருநாள் நான் துணி காயப்போட்டுக்கொண்டே பாடியதைப் பார்த்து நின்றவர், மறுநாள் தன் மனைவியோடு இறங்கி வந்தார்.

"நீங்க பாடணும்மா. நான் வரையணும். ஆகுமா?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கல்யாணத்துக்குப் பின் என்னைப் பாடு என்று ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை. தினமும் மாடிக்குப் போவேன். அவர் மனைவி அவரைக்காய் நறுக்கியபடி பக்கத்தில் இருப்பார். குரலுக்காக நான் தயிரை விட்டேன், மிளகுப்பால் குடித்தேன், விடியலில் எழுந்து சாதகம் செய்தேன். ஓவியர் என் பக்கம் பார்ப்பதும் வரைவதுமாக, தலையை ஆட்டி ரசிப்பார்.

பங்குனியில் ஒருநாள் ஜுரத்தோடு போனேன். பாதியில் குரல் அடைத்துவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. அவர் முன்போலவே தலையை ஆட்டிக்கொண்டு வரைந்தார். நான் எழுந்து நின்ற பிறகுதான் நிமிர்ந்தார். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

"ஏம்மா எந்திரிச்சிட்டீங்க?"

நான் அந்தப் பஞ்சையே பார்த்தேன். "தெனமும் இப்படித்தாம்மா," என்றார் அவர் மனைவி, காயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓவியர் வெட்கப்படவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்குச் சுருதி நிக்கல. மொத நாளே தெரிஞ்சிபோச்சி. காதுல விழுந்தா கை கெட்டுப்போவுது. ஆனா அந்தக் கழுத்து நரம்பு ஏறி எறங்குது பாருங்க, அதான் எனக்கு சங்கீதம்."

"அப்ப எதுக்குப் பாடச் சொன்னீங்க?"

"பாடாம நரம்பு எழும்பாதில்ல?"

கணவரிடம் அழுதேன். "விடேன். படம் நல்லா வந்திருக்குல்ல?" என்றார். என்னைப் படமாக வரைகிறார்கள் என்று ஃபேக்டரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், அவருக்கு அதுதான் கவலை. பெங்களூர் கண்காட்சிக்கும் அவரே வற்புறுத்தி அழைத்துப்போனார்.

படத்தில் முகம் இல்லை. ஒட்டகம்போல நீண்ட கழுத்து, அதில் கயிறு கயிறாக நரம்பு, மேலே கறுப்பாக ஒரு பொந்து. அதன் முன் நின்ற ஒரு பெண், பாட்டு காதிலேயே கேட்கிறது என்று கன்னடத்தில் சிலிர்த்தாள். ஓவியர் என்னைக் கைகாட்டி, "கழுத்து இவங்களோடதுதான்," என்றார். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கழுத்தைப் பார்த்தாள். குனிந்துகூடப் பார்த்தாள். என் கணவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

ஆடி கழிந்ததும் பாகலூர் ரோட்டுப் பக்கம் வேறு வீடு மாறினோம். அங்கே அக்கம்பக்கத்தில் யாருக்கும் நான் பாடுவேன் என்று தெரியாது. நானும் சொல்லவில்லை. கணவரும் சொல்லவில்லை.