வெள்ளிக்கிழமையைச் சுற்றிய பென்சில் வட்டம்

ஆனைமுகத்தானின் அடிமலர் பணிந்து, வெண்ணீறு பொலியும் அம்மையப்பனை நெஞ்சில் இருத்தி, இதைத் தொடங்குகிறேன். இன்று கார்த்திகைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை, திருவோண நட்சத்திரம். எழுதத் தொடங்க உகந்த நாள். நாளைக் குறித்துக்கொள்ளாமல் எதையும் தொடங்கியவனல்லன் நான். அந்த வழக்கம் ஒரு பெண்ணின் ஓராண்டை விழுங்கிய கதையைத்தான் எழுதப்போகிறேன்.

என் மேசை இழுப்பறையில் சென்ற ஆண்டின் பஞ்சாங்கம் கிடக்கிறது. ஆண்டு முடிந்ததும் பழையதை ஆற்றில் விட்டுவிடுவது எங்கள் வீட்டு முறை. இதை மட்டும் விடவில்லை. வைகாசி மாதத்துப் பக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைச் சுற்றி நான் போட்ட பென்சில் வட்டம் இன்னும் அழியாமல் இருக்கிறது. அதன் அருகே, ‘பகல் 12.15க்கு மேல் உத்தமம்’ என்று என் கையெழுத்து.

என் தங்கையின் மகள் மூன்றாண்டு காலம் எங்களோடு கொச்சி மட்டாஞ்சேரியில் தங்கி விலங்கியல் இளங்கலை படித்தாள். தங்கையின் வீடு இடக்கொச்சியில். கல்லூரிக்கு இங்கிருந்து போவது எளிது. எங்கள் முன்னோர் மிளகு வணிகத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து இங்கே வந்தவர்கள். தமிழ் எங்கள் வீட்டில் பேச்சாக நிற்கிறது; எழுத்தாக என்னோடு நின்றுவிட்டது. அந்தப் பெண் மாலை வழிபாட்டில் பதிகம் பாடும்போதுகூட மலையாள எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துத்தான் பாடுவாள். உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது.

அவள் ஐம்பத்து மூன்று விழுக்காடுதான் வாங்கினாள். அதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்ல வரவில்லை. பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து மூன்று மணி நேரத்தில் கொட்டுவது அவளுக்குக் கைவரவில்லை. பாதி விடையில் நின்று யோசிப்பாள், மணி அடித்துவிடும். ஆனால் வைப்பின் தீவுப் படகுத்துறையின் மரக்கால்களில் ஒட்டி வளரும் சிப்பிகளைப் பற்றி அவள் செய்த ஆய்வு வேறு வகையானது. ஓராண்டு முழுதும் வாரம் இருமுறை படகேறிப் போய், தண்ணீரின் உப்பையும் சிப்பிகளின் எண்ணிக்கையையும் குறித்து வந்தாள். அந்த நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் திதிக்கென்று ஒரு கட்டம் இருந்தது. காலையில் தேநீரோடு வந்து, “மாமா, இன்னைக்கு என்ன திதி?” என்று கேட்பாள். பக்தி முற்றிவிட்டது என்று நான் மகிழ்ந்ததுண்டு. “அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வெள்ளம் நல்லா ஏறி நல்லா இறங்கும் மாமா. அஷ்டமிக்குச் சோம்பி நிக்கும்” என்று கடல்நீரின் ஏற்ற இறக்கத்தை அவள் விளக்கியபோது சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதுகலைக்கு எந்தப் பல்கலைக்கழகத்தைப் பார்த்தாலும் ஐம்பத்தைந்து என்று ஒரு கோடு கிழித்திருந்தார்கள். அந்த இரண்டு விழுக்காட்டுக்காக அவளுடைய நோட்டை ஒருவர்கூடத் திறந்து பார்க்கமாட்டார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் அவளுடைய ஆய்வக ஆசிரியை ஒரு கடலியல் துறையைக் கண்டுபிடித்துச் சொன்னார். அங்கே தேர்ச்சி பெற்றிருந்தாலே விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு, செய்த ஆய்வுக்கும் மதிப்பு உண்டு. ஆசிரியை பரிந்துரைக் கடிதமும் எழுதித் தந்தார். அவளுக்குத் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதுவும் அடைபடும் என்றிருந்தது.

அந்த வாரம் திங்கட்கிழமை காலையிலேயே எல்லாம் தயார். மதிப்பெண் பட்டியல்களை உறையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

“மாமா, கம்ப்யூட்டர் கடைக்குப் போயி அப்ளிகேஷன இப்பவே கேற்றி விட்டுரட்டா?”

“இன்னைக்கு அஷ்டமியாக்கும், புள்ளே.”

“அப்போ நாளைக்கு?”

“நாளைக்கு நவமி. போதாததுக்குச் செவ்வாய்.”

புதனும் வியாழனும் திதி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் கும்ப ராசி. இரு நாளும் சந்திராஷ்டமம். வெள்ளிக்கிழமை துவாதசி. பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். அது கழிந்து பன்னிரண்டே காலுக்கு மேல் குற்றமற்ற நேரம். பென்சிலை எடுத்து வட்டம் போட்டேன். அவள் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “கடைசி திவசம் நெட்டு ஸ்லோ ஆகும் மாமா” என்றாள். திவசம் என்றால் இங்கே நாள். அன்று நான் சொன்ன விடையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. “ஏற்கெனவே மார்க் கம்மி. நேரமாவது நல்லதா இருக்கட்டும்” என்றேன். அவள் உறையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை விண்ணப்ப உறைக்கு மஞ்சள் தொட்டு, சுவாமி படத்தின் முன் வைத்து எடுத்து, குடை பிடித்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தோம். கணினிக் கடைக்காரர் எங்களைப் போலவே இரண்டு தலைமுறைக்கு முன் வந்து தங்கிய தமிழ்க் குடும்பத்துக்காரர். வாசலில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நனைந்தபடி நின்றிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது மணி இரண்டு. பெயரை ஏற்றுக்கொண்டது, முகவரியை ஏற்றுக்கொண்டது, மதிப்பெண் பட்டியலை ஏற்றும் இடத்தில் ஒரு சிறு வளையம் சுழலத் தொடங்கியது. சுழன்றது, நின்றது, முதல் பக்கத்துக்கே திரும்பியது. மீண்டும் பெயர், மீண்டும் முகவரி, மீண்டும் அதே வளையம்.

“கேரளத்துல உள்ள பிள்ளேரு மொத்தமும் இப்போ இதுலதான் கேறியிருக்கு, அண்ணாச்சி” என்றார் கடைக்காரர். “திங்களாழ்ச்ச இந்தக் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு வந்திருக்கக் கூடாதா?”

“அன்னைக்கு அஷ்டமி” என்றேன். அவர் திரும்பி என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

“ராகு போயாச்சு அண்ணாச்சி. கூடவே நெட்டையும் கூட்டிட்டுப் போயிட்டான்.”

வாசலில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். என் தங்கை மகள் சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஐந்து மணிக்குச் சில நிமிடம் இருக்கையில் மதிப்பெண் பட்டியல் ஏறிவிட்டது. பரிந்துரைக் கடிதம் பாதி ஏறிய நிலையில் விண்ணப்பம் மூடப்பட்டது என்று ஒரு வரி வந்தது. கடைக்காரர் எழுந்து நாற்காலியை ஓசையின்றி உள்ளே தள்ளினார். அவள் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, “சாரமில்லை மாமா, வாங்க போலாம்” என்றாள். அந்தச் சொல்லை இங்கே எல்லோரும் எதற்கும் சொல்வார்கள். பரவாயில்லை என்று பொருள். அன்று வீடு வரை அந்தச் சொல் என் பின்னாலேயே நடந்து வந்தது.

இதுவரை நான் எழுதியது அறியாமை. இனி எழுதப்போவதுதான் குற்றம். மறுவாரம் என் தங்கை வந்தாள். இடம் கிடைக்கவில்லை என்று மட்டும்தான் மகள் அவளிடம் சொல்லியிருந்தாள். தங்கை கூடத்தில் உட்கார்ந்து பொரிந்து தள்ளினாள்.

“மார்க்கு வாங்கத் துப்பில்ல, சிப்பி எண்ணப் போனாளாம்! பின்னே எவன் சீட்டுத் தருவான்? ஏண்ணே, நான் சொல்றது சரிதானே?”

அந்தப் பெண் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் “ம்” என்றேன்.

தம் பிழைகளைத் தாமே எடுத்துச் சொல்லி இறைவன் முன் அழுத அடியார்களின் பாடல்களை ஐம்பது ஆண்டுகளாகப் பாடி வருகிறேன். ‘பிழையுடையேன்’ என்று ஒருவர் கண்ணீரோடு சொல்லும் இடத்தில் என் குரலும் தழுதழுக்கும், கேட்பவர்கள் பாராட்டுவார்கள். எனக்கென்று சொந்தமாக ஒரு பிழை வாய்த்த அன்று, என் வீட்டுக் கூடத்தில் நாக்கு எழவில்லை. யாரோ ஒருவருடைய குற்றத்துக்கு உருகுவது எவ்வளவு எளிதாக இருந்திருக்கிறது!

படித்தது போதும் என்று தங்கையின் கணவர் அவளை இடக்கொச்சியில் ஓர் இறால் ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்த்துவிட்டார். குளிர்க்கிடங்கின் பக்கத்து அறையில் உட்கார்ந்து ஓராண்டு காலம் பெட்டி எண்களைத் தட்டச்சு செய்தாள். ஞாயிறுதோறும் வைப்பினுக்குப் படகேறிப் போய்ச் சிப்பி எண்ணுவதை மட்டும் விடவில்லை. என்னிடம் பழையபடிதான் பேசினாள். ஒரு சுடுசொல் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த ஆண்டு சித்திரையில் ஒரு மாலை வந்து, ஒரு தாளைச் சுவாமி படத்தின் முன் வைத்து வணங்கிவிட்டுப் போனாள். அதே துறைக்கு விண்ணப்பம் அனுப்பியதற்கான ஒப்புகைத் தாள். விண்ணப்பம் திறந்த முதல் நாளே அனுப்பியிருக்கிறாள். நேரமும் அதில் அச்சாகியிருந்தது: செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். பஞ்சாங்கத்தைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. அஷ்டமி, ராகுகாலம்.

நுழைவுத் தேர்வில் தேறினாள். நேர்காணலுக்கு நான்தான் துணைக்குப் போனேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கதவு ஒருக்களித்திருந்தது. மதிப்பெண் ஏன் குறைவு என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள். ஓராண்டு ஏன் வீணாயிற்று என்று கேட்டார்கள். “சமயத்துக்கு அப்ளிகேஷன் அனுப்பல. என்னோட தப்புதான்” என்ற பொருளில் மலையாளத்தில் சொன்னாள். எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். அடுத்து ஒருவர், நோட்டில் திதி எதற்கு என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் நிலவையும் நீரையும் சிப்பியையும் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். சிரிப்பு அடங்கியது. நெடுநேரம் அவளைப் பேசவிட்டார்கள். திதி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டபோது, “எங்க மாமா சொல்லுவாங்க” என்றாள்.

தேர்வானவர் பட்டியலில் அடியிலிருந்து இரண்டாவது பெயர் அவளுடையது. இப்போது விடுதியில் இருக்கிறாள். அமாவாசை என்றைக்கு என்று கேட்டு எப்போதாவது அழைப்பாள். நல்ல நேரம் எது என்று ஒருநாளும் கேட்பதில்லை. தங்கையோ போன வாரம்கூடத் தொலைபேசியில், “அப்பவே ஒழுங்காப் படிச்சிருந்தா ஒரு வருஷம் போயிருக்காதே, அண்ணே” என்றாள். அப்போதும் நான் “ம்” என்றுதான் சொன்னேன்.

பழைய பஞ்சாங்கத்தை எடுத்து என் பைக்குள் வைத்துவிட்டேன். இடக்கொச்சிக்குப் போய், வைகாசிப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பென்சில் வட்டத்தைத் தங்கையின் முன் வைத்து, என் வாயாலேயே சொல்லப்போகிறேன். மணி ஒன்றே முக்கால். வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகுகாலம். பார்க்காமலே தெரிகிறது, என்ன செய்வது! இரண்டு மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது மூன்றேகாலுக்கு. அதில் போனால் நல்ல நேரம்தான். ஆனால் இன்றும் காத்திருந்தால், நாளையும் காத்திருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டாயிற்று.

இதைப் படிக்கும் அனைவரும் நோயின்றி, குறையின்றி வாழ்க. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் உறையோடு வந்து வாசலில் நிற்கும் அந்த நாளே உங்களுக்கு நல்ல நாளாக அமைய எம்பெருமான் அருள்க.