ஆடாதோடைக் கஷாயமும் நான் சொன்ன பொய்யும்

வாய் நிறையக் கசப்பு. விழுங்கவும் முடியாமல், துப்பவும் துணியாமல் நான் நின்ற அந்தக் காலைப்பொழுது இன்றைக்கும் நினைவிருக்கிறது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அதைச் சுற்றி வேலியாக ஆடாதோடை. ஆடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு ஆயிற்று. சளிக்கும் இருமலுக்கும் கேட்கும் என்பதால் மருந்துக்கும் ஆயிற்று. கஷாயம் வைப்பது என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தண்ணீர் கால் பங்காக வற்றும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டார்.

அம்மா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு இருமலோடு திரும்பியிருந்தேன். நாளும் தள்ளிப்போயிருந்தது. மூன்று மாதம் முடியுமுன் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். புகுந்த வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியமே வாங்கியிருந்தார். டம்ளரை நீட்டுமுன் எந்தப் பெண்ணையும் கேட்கும் கேள்வியை அக்கா என்னையும் கேட்டார்.

“தூரமாகி எத்தன நாளாச்சு, சாமி?”

“போன வாரந்தானுங்க அக்கா,” என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல தேர்ச்சி என்று நினைப்பு.

முதல் மடக்கு வாயில் இருக்கும்போது, விறகை இழுத்துப் போட்டபடி அவர் சொன்னார்: “அப்பச் சரி. உண்டாயிருக்கறவளுக்கு இது ஆகாது. கரு கலைஞ்சு போயிரும்.”

கொல்லைக்கு ஓடித் துப்பினேன். கொப்பளித்துக்கொண்டே அழுதேன். பின்னால் வந்தவர் பார்த்ததுமே புரிந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் இன்னொரு சொம்பு தண்ணீர் மொண்டு நீட்டினார்.

“நானும் இப்படித்தான் வாயத் தொறக்காம இருந்தேன். கஷாயம் குடுத்தவங்களும் கேக்கல. ரெண்டாம் மாசமே போயிருச்சு,” என்றார்.

அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு பையன்கள் பிறந்து, வளர்ந்து, அப்போது சேட்டையில் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அந்த முதலாவதை அவர் மறக்கவே இல்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மிச்சக் கஷாயத்தைக் கொட்டிவிட்டு, வெந்நீரில் தேன் கலந்து கொடுத்தார். இருமல் போகப் பத்து நாள் ஆயிற்று.

மூன்று மாதம் முடிந்து நான் மாமியாரிடம் சொல்ல, அவர் வீட்டில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னபோது அக்கா கன்னத்தில் கை வைத்தார். “அட, எங்கிட்டக்கூடச் சொல்லலியே இவ!” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். கோபித்துக்கொள்ளாதே என்று மாமியார் அவரைச் சமாதானப்படுத்தினார். என் தேர்ச்சியெல்லாம் அவருக்கு முன்னால் தூசு.

தை மாதம் அம்மா வீட்டில் எனக்குப் பெண் பிறந்தது. வண்டி கட்டிக்கொண்டு முதலில் வந்தவர் அக்காதான். குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு அவர் அழுதது மட்டும் நடிப்பில்லை.