மேல் வரிசையில் பத்தாவது அட்டை

தேக்காவில் காதர் மைதீன் மளிகைக்கடைக்கு அரிசி வாங்க வருகிறவர்களைவிடப் பலகை பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம் என்று முதலாளியே குறைபட்டுக்கொள்வார். வாசல் சுவரில் மாட்டிய சாதாரண மரப்பலகை அது. வாடகைக்கு அறை, பழைய தையல் மெஷின், தொட்டில், வேலைக்கு ஆள் என்று எதை வேண்டுமானாலும் ஒரு அட்டையில் எழுதிக் குத்திவிட்டுப் போகலாம். காசு கிடையாது. காசில்லாத இடத்தில் நம் ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுத் தரகர் பாலகிருஷ்ணன் தினமும் காலையில் வருவார். தன் பழைய அட்டையைக் கழற்றி, நேற்று யாரோ மாட்டிய அட்டையின் தலைமேலேயே குத்துவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். வாய் உள்ளவன் அட்டை மேலே, வாயில்லாதவன் அட்டை அடியிலே. கல்லாவில் உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்த அற்புதமேரிக்கு 1974இல் ஒரு நாள் பொறுமை போயிற்று. எல்லா அட்டையையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பலகையில் இரண்டு வரிசை கோடு கிழித்தாள்.

அன்றிலிருந்து சட்டம் அவளுடையது. புது அட்டை மேல் வரிசையில் இடது ஓரம். அடுத்தது வந்தால் முன்னது ஒரு இடம் நகரும். பத்து இடம் தாண்டினால் கீழ் வரிசைக்கு இறங்கிவிடும். ஒரு தடவை மாட்டியதை இரண்டு வாரத்துக்குள் புதுசு என்று கொண்டுவந்தால் வாங்கமாட்டாள். ஏமாற்றாமலிருக்கப் பின்பக்கம் சிவப்புப் பென்சிலால் தேதி போட்டுவைப்பாள். சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் எந்த அட்டையும் ஏறாது, இறங்காது. ஞாயிறுதான் தீவு முழுக்க இருந்து ஜனம் தேக்காவுக்கு வரும் நாள். அன்றைக்கு வெங்காய மூட்டைகளை வாசலில் அடுக்கியே ஆக வேண்டும், கீழ் வரிசை அப்படியே மறைந்துபோகும். அதனால் ஞாயிறு மேல் வரிசையில் இருப்பதுதான் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

"இது என்ன கவர்மெண்ட் ஆபீஸா?" என்று பாலகிருஷ்ணன் குதித்தார்.

"ஆபீஸ்லகூட அவங்கவங்க முறைப்படிதான் போகணும்ணே."

முதலாளியின் மச்சான் வேன் விற்க வேண்டும், அட்டை மேலேயே இருக்கட்டும் என்று வந்தபோதும் அதே பதில்தான். கல்யாணம் ஆகாதவள், கடுகடுப்புக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஆனால் அட்டையை அவள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அவளுக்கு அதில் பெருமை. வாழ்க்கையில் அவளுக்கென்று வேறு பெருமை எதுவும் வாய்த்திருக்கவில்லை.

1981 கடைசியில், ஒரு புதன்கிழமை, பிடோக்கிலிருந்து தங்கம் என்ற பெண் வந்தாள். கணவன் மருதப்பன் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை. அடிக்கடி வலிப்பு வேறு. அவளுக்குச் சாங்கி ஏர்போர்ட்டில் துப்புரவு வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேர வேண்டும். 'பகலில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா தேவை' என்று எழுதிய அட்டையை நீட்டினாள்.

"திங்கக்கிழமைக்குள்ள ஆள் கிடைக்கணும்க்கா. வலிப்பு வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், இல்லேன்னா மூச்சு நின்னுடும். தனியா விட்டுட்டுப் போக முடியாது."

"ஞாயித்துக்கிழம வரைக்கும் மேல் வரிசையிலதான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு" என்றாள் அற்புதமேரி.

சொன்ன கணக்குத் தப்பவில்லை. சனிக்கிழமை ஆறு மணிக்குத் தங்கத்தின் அட்டை மேல் வரிசையில் பத்தாவது இடத்தில், வலது ஓரத்தில் நின்றது. ஏழு மணிக்குத் தம்பி எட்மண்ட் வந்தான். அம்மா செத்தபின் அற்புதமேரியின் இடுப்பிலேயே வளர்ந்தவன். வளர்ந்த பிறகும் இறங்கவில்லை. தன் பழைய ஸ்கூட்டரை விற்க அவன் போட்ட அட்டை ஒன்பது நாளாகிக் கீழ் வரிசைக்குப் போயிருந்தது. நண்பன் ஒருவனின் மோட்டார் சைக்கிள்மேல் அவனுக்குக் கண்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் மேல வையேன்க்கா. இது விக்கலன்னா பைக்கை அவன் வேற ஆளுக்குக் குடுத்துடுவான் லா."

"முடியாதுடா. சட்டம்னா சட்டம்."

"ஊருக்கெல்லாம் நல்லவ, எனக்கு மட்டும் என்னைக்கு என்ன செஞ்சிருக்க?"

இந்த ஒரு பேச்சு போதும் அவளைக் கவிழ்க்க. அவனுக்கு அது நன்றாகவே தெரியும். ரப்பரால் பழைய தேதியை அழித்தாள், புதுத் தேதி போட்டாள், இடது ஓரத்தில் குத்தினாள். மற்றவை ஒவ்வொன்றாய் நகர்ந்தன. பத்தாவது அட்டையை எடுத்துக் கீழே வைக்கும்போது அது யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தேவைப்பட்டவர்கள் குனிந்து பார்க்கமாட்டார்களா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஞாயிறு காலை லூர்து மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தபோது மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அன்று முழுக்க அவளுக்குக் கல்லாவிலிருந்து தலைநிமிர நேரமில்லை.

வியாழக்கிழமை ரத்தினம்மா என்றொருத்தி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து நின்றவள், வேலை தேடிக்கொண்டிருந்தாள். மூட்டைகள் குறைந்திருந்த வாசலில் குனிந்து, தங்கத்தின் அட்டையைத் தொட்டாள்.

"நானும் பிடோக்தான். ஞாயித்துக்கிழமையும் வந்து ஒண்ணு விடாம படிச்சேனே! இது எப்ப போட்டது?"

அற்புதமேரி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கமே படியேறி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அட்டையை எடுத்துடுங்கக்கா. வேற யாருக்காச்சும் இடம் ஆகும்."

திங்களன்று பயந்துகொண்டே வேலைக்குப் போயிருக்கிறாள். ஒன்றும் ஆகவில்லை. செவ்வாயன்றும் போனாள். சாயங்காலம் கதவைத் திறந்தபோது மருதப்பன் தலையணையில் முகம் புதைந்து குளிர்ந்து கிடந்தான். முந்தின நாள்தான் எரித்தார்கள்.

"நீங்க சொன்னபடி மேலதான் வச்சிருப்பீங்க. பாக்கிறவங்க கண்ணுல படல. என் நேரம்" என்றாள் தங்கம்.

ரத்தினம்மா அற்புதமேரியைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். அற்புதமேரி குனிந்து அட்டையைக் கழற்றினாள், நடந்ததைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவள் கோழைதான், அதைப் பூசி மெழுகுவதற்கில்லை.

தண்டனை வேறு வழியில் வந்தது. ஏர்போர்ட்டில் வேலை பார்க்கிற பெண்களையெல்லாம் தங்கம் இங்கே அனுப்பத் தொடங்கினாள். "தங்கம் சொல்லிச்சு, உங்க பலகையில மட்டும்தான் நியாயம் இருக்காம்" என்று சொல்லிக்கொண்டே அட்டையை நீட்டுவார்கள். ஐந்து வருஷம் இப்படி. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள், சாமியார் மன்னிப்புக் கொடுத்து ஜெபமாலை சொல்லச் சொன்னார். சொல்லி முடித்தும் இரவில் அந்தப் பத்தாவது அட்டைதான் கண்ணில் நின்றது. எட்மண்டிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

1986இல் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கடையைக் காலி செய்தார்கள். கடைசி நாள் தங்கம் ஒரு டப்பாவில் கேசரியோடு வந்தாள். அற்புதமேரி பலகையிலிருந்து ஊசிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு மணி, தம்பி, ரப்பர், ரத்தினம்மா, ஒன்றையும் விடவில்லை.

தங்கம் டப்பாவைப் பிடித்தபடியே நின்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று அற்புதமேரி காத்திருந்தாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அந்த ஸ்கூட்டராச்சும் வித்துச்சாக்கா?"

"இல்ல."

தங்கம் தலையாட்டினாள். கேசரி டப்பாவைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.