மாமா கேட்ட தடித்த கம்பி

மாமாவின் கையிலிருந்து லொறிச் சாவி போனதற்கு நான் சொன்ன ஒரு வசனம்தான் காரணம். அவர் இருந்த காலத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய அன்றைய வயது இப்போது எனக்கும் வந்துவிட்டது. இனியும் மறைப்பதில் அர்த்தமில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கியூபெக்கில், செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார். ஒரு பேக்கரிக்கு லொறி ஓடினார். ஊரில் சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. மாமியையும் சின்ன மகளையும் இங்கே கூப்பிடுவதற்குப் பத்திரம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். அவர்கள் வந்து சேரும்வரை வேலை கையை விட்டுப் போகக் கூடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொலைபேசி அட்டை தீரும்வரை மாமியுடன் கதைக்கும்போது பாதி நேரம் லொறியைப் பற்றித்தான் கதைப்பார், அது ஏதோ தன்னுடைய சொத்து என்பதுபோல.

லொறிகளுக்குப் பொறுப்பாக ஒரு கியூபெக்காரர் இருந்தார். மாமா அவரை பொஸ் என்றுதான் சொல்வார். யாருக்கு எந்தத் தெரு, யாருக்கு லொறியே இல்லை என்பதெல்லாம் அவர் கையில் இருந்தது. அவருக்கு நெடுந்தூரத்தில் நிற்கும் கடதாசி இலக்கைச் சுடுவதில் பைத்தியம். மாமாவை ஒருமுறை மைதானத்துக்குக் கூட்டிப்போனார், அந்தப் பைத்தியம் மாமாவுக்கும் ஒட்டிக்கொண்டது. வகுப்புக்குப் போய் அனுமதிப்பத்திரமும் எடுத்தார்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீ பஸ் ஏறி அதைத் தேடிப் போறாய்."

"அக்கா, இது கடதாசிக்குச் சுடுற துவக்கு. கடதாசி திருப்பிச் சுடாது."

அந்த வருடம் இலையுதிர்காலப் போட்டியில் தன்னோடு சோடியாகச் சுடும்படி பொஸ் மாமாவைக் கேட்டிருந்தார். துவக்கு பொஸ் கொடுப்பார். ஆனால் அதன் மேலிருந்த பழைய குறிபார்க்கும் ஸ்கோப்பின் கண்ணாடி மங்கிப் புகார் பிடித்துவிட்டது என்று மாமா சொன்னார். பொஸ் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, தனக்குப் புகார் ஒன்றும் தெரியவில்லை, வேண்டுமென்றால் புதிதாக ஒன்று வாங்கு என்றாராம். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மாமாவும் நானும் கடைக்குப் போனோம். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு பொன்ஜூர், மெர்சி தவிர வேறு பிரெஞ்சு வராது என்று நம்பியிருந்தேன். எங்கே போனாலும் என்னைப் பேசவிட்டு அவர் பக்கத்தில் நிற்பார். எனக்கு அதில் பெருமை.

கடைக்காரர் மூன்று ஸ்கோப்புகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் கண்ணாடி ஒரே தரம்தான், உள்ளே தெரியும் குறுக்குக் கோடுகள்தான் வேறு என்றார். அவற்றை மாமா கம்பி என்பார். முதலாவதில் மயிர் போல மெல்லிய இரண்டு கம்பிகள் நடுவில் வெட்டிக்கொண்டன, அவ்வளவுதான். இரண்டாவதில் நான்கு பக்கமும் தடித்த கம்பி வந்து நடுவில் மட்டும் மெலிந்தது. மூன்றாவதில் நடுக்கம்பிக்குக் கீழே சின்னச் சின்னக் கோடுகளும் புள்ளிகளும் இலக்கங்களும் நத்தார்ப் பண்டிகைக்குச் சோடிக்கும் மரம் போல விரிந்து போயின. தூரத்துக்குப் போகும் குண்டு கீழே விழும், காற்று அதைத் தள்ளும், எவ்வளவு விழுமோ அந்தக் கோட்டில் வைத்துச் சுட வேண்டியதுதான் என்று கடைக்காரர் விளக்கினார். கணினி விளையாட்டில் நான் கண்டிருந்தது இந்த மரத்தைத்தான்.

ஒவ்வொன்றாக மணல் பையில் வைத்து, கண்ணாடிக் கதவு வழியே தெருக்கோடியில் இருந்த டெப்பனர் சில்லறைக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்க்கச் சொன்னார். மாமா பார்த்தார். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார்.

"உனக்கு எப்பிடித் தெரியுது, மருமோன்?"

"வடிவாத் தெரியுது மாமா. கீழ ரெண்டு, நாலு, ஆறு எண்டு இலக்கம் கிடக்கு."

"ஆறு எங்க கிடக்கு?"

"நடுக்கம்பியில, கடைசிக்குக் கிட்ட."

மறுபடி கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். "ஓமோம், கிடக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து, "எனக்கு இந்தத் தடிச்ச கம்பி காணும்" என்றார்.

அதுவே போதுமாம் என்று நான் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அது காட்டுக்குள் கிட்ட நின்று மான் சுடுகிறவர்களுக்கு நல்லது, அறுநூறு மீற்றரில் அந்தக் கம்பி இலக்கின் கறுப்பு வட்டத்தையே மூடிவிடும் என்றார். மூடினாலும் பரவாயில்லை என்று சொல்லு என்றார் மாமா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்றும் விளங்காத ஒரு மனிதரோடு அந்தக் கடையில் நிற்பதாக உணர்ந்தேன்.

"மாமா, இதைக் கொண்டுபோனா உங்கட பொஸ் சிரிப்பார். ஏன் தடிச்சதை எடுத்தனி எண்டு கேப்பார்."

மாமா அந்த ஸ்கோப்பைத் திருப்பி மேசையில் வைத்தார். பொஸ் எதை வைத்திருக்கிறார் என்று விசாரிக்கச் சொன்னார். கடைக்காரருக்கு பொஸ்ஸை நன்றாகத் தெரிந்திருந்தது. மரம்தான் வைத்திருக்கிறார் என்றார்.

"அப்ப அதையே தரச் சொல்லு."

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும்வரை பெட்டியை நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

போட்டி நகருக்கு வெளியே ஒரு புல்வெளியில் நடந்தது. ஆட்கள் பாயில் குப்புறப் படுத்துச் சுட்டார்கள். தூரத்தில் வரிசையாக இலக்குகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் இலக்கப் பலகை. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு இலக்கு பள்ளத்துக்குள் இறங்கி, பட்ட இடத்தில் ஒரு வட்டத் தகடு குத்தப்பட்டு மேலே வரும். மாமா சுட்டார். இலக்கு இறங்கி ஏறியது, தகடு இல்லை. மறுபடி சுட்டார். தகடு இல்லை. பக்கத்து இலக்கு மேலே வந்தபோது அதில் தேவைக்கு அதிகமாகத் தகடுகள் இருந்தன. மாமா அடுத்தவனுடைய கடதாசிக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கேட்காமலே தானம் செய்கிற மனிதர் என்று பொஸ் ஏதோ பகிடி விட்டார், மறுபடியும் சிரிப்பு. கேலியில் வெறுப்பு இல்லை, அது பிறருக்கும் நடக்கிற பிழைதான். மாமா காதடைப்பைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் காலடியில் அப்படியே படுத்திருந்தார். அந்தப் பெரிய மனிதர்கள் சிரிக்கிற சிரிப்பில் எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று தோன்றியது. என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் உரத்துச் சொன்னேன்: "அவருக்கு அந்த இலக்கங்கள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கடையிலும் நான்தான் வாசித்துச் சொன்னேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். பொஸ் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் பக்கத்தில் முழங்கால் போட்டு அமர்ந்து, வரிசையின் கடைசிப் பலகையில் என்ன இலக்கம் என்று கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லத் திரும்பினேன். மாமா ஸ்கோப்பில் கண்ணை வைக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பொஸ் அவர் தோளில் கையை வைத்தார், அதை உடனே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை சாவியை வாங்கிவிட்டார்கள். பொஸ் மாமாவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. இரவில் பாண் தட்டுகள் கழுவும் இடத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். அது நியாயமான மனிதர் செய்த நியாயமான காரியம். நீரிழிவு என்கிற சலரோகம் மாமாவின் வலது கண்ணைப் பிடித்து நாளாகியிருந்தது, இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று சாப்பாட்டு மேசையில் அம்மா கத்தினார்.

"உனக்குக் கண் தெரியாதெண்டு அவனுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல, அக்கா. வெடி பிழைச்சது. அதிலயே அந்தாளுக்கு விளங்கீட்டுது."

"நான் அப்பவே சொன்னன், இந்தத் துவக்கு வேண்டாமெண்டு!"

"ஓம், நீங்கள் சொன்னனீங்கள்தான்."

நான் இடியப்பத்தைப் பிய்த்துச் சொதியில் தோய்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு நான் சொன்னது விளங்கவில்லை என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. மாமி வந்து இறங்கியபோது, பகலெல்லாம் யன்னலை மூடிக்கொண்டு தூங்கும் ஒரு கணவரிடம்தான் வந்தார். சின்ன மகளுக்கு வீட்டில் சத்தம் போடக் கூடாது என்பதுதான் இந்த நாட்டில் கிடைத்த முதல் பாடம்.

பின்னாளில் என் மனைவியிடம் மட்டும் ஒருமுறை இதைச் சொல்ல முயன்று பாதியில் நிறுத்தினேன். சொல்லியிருந்தால், நீங்கள் தெருவில் போன ஒரு பிள்ளையை அந்த லொறியிலிருந்து காப்பாற்றியிருக்கலாம் என்று ஆறுதல் சொல்லியிருப்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் யாரையும் காப்பாற்றுவதற்காக வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பனிக்காலம் முடிகிற நேரம் மாமா கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு கண் வைத்தியரிடம் போக வேண்டியிருந்தது. வழக்கம்போல என்னைக் கூட்டிப்போனார். வைத்தியர் வேகமாக பிரெஞ்சில் கேட்டார், எவ்வளவு காலமாக இப்படி என்று. நான் தமிழில் தொடங்குவதற்குள் மாமா பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். லொறிக்காரர்களின் பிரெஞ்சு, இலக்கணம் பார்க்காத, ஆனால் எங்கும் தடுக்காத பிரெஞ்சு. எந்தப் பருவத்தில் தெருப்பலகைகள் மங்கத் தொடங்கின, எதை எதை மனப்பாடம் செய்து ஓடினார் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் கதிரையில் சும்மா இருந்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு பிரெஞ்சு தெரியுமோ?"

"லொறியில நாள் முழுக்க றேடியோ பாடுறது வேற என்னத்தில, மருமோன்?"

"பேந்து ஏன் என்னை எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

அவர் என் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இனிச் சனிக்கிழமைகளில் விளையாடலாம் என்று கணக்குப் போட்டேன். மைதானத்தில் நான் உரத்துச் சொன்ன வசனமும் அதே மொழியில்தான் இருந்தது என்பது, இறங்குகிற தரிப்பு வரும்வரை, அதற்குப் பிறகும் பல வருடங்கள், எனக்குத் தோன்றவே இல்லை.